மீன் விட்டாச்சா என்று கேட்டிருந்தாய்

மக்கா,

நீ சுகமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. கல்யாணம் முடிந்த இந்தப் பத்து மாதமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் இங்கே எல்லாருக்கும் சுகம் என்று மலையாளத்தில் ஒரே மாதிரி பதில் எழுதிக்கொண்டிருந்தாய். உன் மாமியார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ எழுதியவை அவை என்பது எனக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. உன் அம்மாவுக்கு இரண்டாவது கடிதத்திலேயே புரிந்துவிட்டதாம். நானும் சம்பந்தி வீட்டுக்கு மரியாதை என்று நினைத்து மலையாளத்திலேயே எழுதித் தொலைத்தேன். இன்றைக்குத் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டில் உன்னைத் தவிர தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே என்று கல்யாணத்தின்போது எனக்கு ஒரு குறை இருந்தது. இப்போது அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்க வைத்தாலும் வைக்கட்டும். அதற்குள் நானே அங்கே வந்து நின்றிருப்பேன்.

போன வாரம் வந்த உன் இன்லண்ட் கடிதத்தையும் வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மாதான் அதை மறுபடி எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, ஜெபப் புத்தகம் வாசிப்பதுபோல மூலை மூலையாக வாசித்தாள். பசை ஒட்டும் மடிப்புக்கு உள்ளே, பென்சிலில், எறும்பு ஊர்ந்த அளவுக்குச் சின்னதாக, தமிழில் ஒரு வரி. "மீன் விட்டாச்சா அப்பா?" அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் உன் அம்மா அழவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "பிள்ளை ஒளிச்சு வச்சுக் கேக்கா, பாத்தியளா" என்றாள். மீன் விட்டாச்சா என்று கேட்பதற்குக்கூட ஒரு பிள்ளை ஒளிய வேண்டியிருக்கிறதே. உன் கேள்விக்குப் பதில் இதுதான். விட்டேன் மக்கா. நேற்று எடுத்துவிட்டேன். ஏன் விட்டேன், ஏன் எடுத்தேன் என்பதை முழுதாகச் சொல்லாவிட்டால் நான் ஏன் வருகிறேன் என்று உனக்குப் புரியாது. அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

மீன் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன் என்று எழுதியிருந்தேனே, அதன் காரணத்தை உனக்கு இதுவரை எழுதவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் உன்னை விட்டார்களே, அப்போது அவளை நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் வீட்டு முன்னறையில் மீன் தொட்டி இருந்தது. நம் டோக்கன் வரும்வரை நீ அதன் முன்னால் நின்றாய். ஒரு ஆரஞ்சு மீன் உன் விரல் போகிற பக்கமெல்லாம் வந்தது. நீ சிரித்தாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் போட்ட சோற்றைத் தின்று முடித்துவிட்டு, பானை உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, நீ என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நான் இத்திரி சோறு எடுக்கட்டா?" என்று கேட்டாய். நீ பிறந்த வீட்டில், உன் அம்மா வடித்த சோற்றுக்கு நீ அனுமதி கேட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? எடு மக்கா, என்ன கேள்வி இது என்று சொல்லிவிட்டு மீன்குழம்பை உன் பக்கம் தள்ளினேன். மறுநாள் உன்னைக் காட்டாக்கடை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டு நேரே தொட்டி வாங்கப் போனேன். உன்னைத் திரும்ப அனுப்பாமல் இருக்கத் தைரியம் இல்லாதவன், நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது சிரிக்க ஒரு மீன் வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே என்மீது காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

உன் அப்பன் சுபாவம் உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு மணி அடித்தால் போக வேண்டும். தொட்டியை வைத்தேன், கிணற்றிலிருந்து கோரி நிறைத்தேன், அன்று சாயங்காலமே ஆறு மீனை விட்டேன். நம் கிணற்றைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று தெரியுமல்லவா. மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வரக்கூடாது என்று மாதம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுகிறவன் இந்த வரிசையில் நான் ஒருவன்தான். முந்தின நாள்தான் போட்டிருந்தேன். விடிந்தபோது ஆறும் மிதந்தன. சரி, தொட்டிதான் அழுக்கு என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் கொட்டி, கல்லையும் மணலையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அதிலும் பிளீச்சிங் பவுடர் கலக்கித் தேய்த்துக் கழுவி, மறுபடி நிறைத்து மறுபடி ஆறு. இந்த முறை நாலு நாள் தாக்குப் பிடித்தன. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மீனுக்கு வீடா, ஆஸ்பத்திரியா? இங்ஙன நாத்தம் அடிக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, இதற்கு மேல் எப்படிச் சுத்தமாக்குவது என்று அவளிடம் சத்தம் போட்டேன்.

அந்தப் பளிங்குத் தண்ணீரை ஒரு ஊறுகாய்க் குப்பியில் எடுத்துக்கொண்டு, மீன் விற்றவனிடமே சண்டைக்குப் போனேன். நெய்யாற்றின்கரையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிற சுனில் என்கிற பையன். பையன் என்கிறேன், அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. நோஞ்சான் மீனைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினேன். அவன் குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றி, என்னவோ மருந்தில் சில சொட்டு விட்டான். மஞ்சளாக இருந்தால் மீன் பிழைக்கும், பச்சையானால் விஷம் என்றான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் பச்சையாகி, கடும்பச்சையானது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர்தான் மக்கா. அவன் பொறுமையாகச் சொன்னான். மீனின் மூச்சும் கழிவும் தண்ணீரில் விஷமாகும், அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமி என்று ஒன்று உண்டு, புதுத் தொட்டியில் அது இருக்காது, அது கல்லிலும் தண்ணீரை வடிகட்டுகிற பஞ்சிலும் பிடித்து வளர ஆறு வாரம் ஆகும், அதுவரை மீனில்லாமல் வெறும் தண்ணீர் ஓட வேண்டும். ஒரு இறால் துண்டைப் போட்டு அழுக விட்டால் அதைத் தின்று அந்தக் கிருமி பெருகுமாம். நீங்கள் தேய்த்துத் தேய்த்து அதைத்தான் கொன்றிருக்கிறீர்கள் என்றான்.

பூவாரிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் இறால் வாங்கி, தின்னாமல், அழுக விடுவதற்காகத் தொட்டியில் போட்ட ஒரே மனிதன் நான்தான். நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபம் செய்தார்கள். தண்ணீர் கஞ்சிபோல் கலங்கியது. ஆறு வாரமா, எனக்கு ஆறு நாள் போகவில்லை. நான் படுகிற பாட்டைப் பார்த்து சுனில் தன்னுடைய பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துக் கொடுத்தான். கன்னங்கரேலென்று சேறு வடிகிற பஞ்சு. இதில் கிருமி நிறைய உண்டு, இதைப் போட்டால் நாள் குறையும் என்றான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாறசாலையில் இறங்கும்போது ஒருவர், என்ன அது, சாக்கடையிலிருந்து எடுத்ததா என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனம் தாங்கவில்லை. இவ்வளவு அழுக்கையா நல்ல தண்ணீரில் போடுவது என்று அதைக் கிணற்றடியில் வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை பிழிந்து கழுவித் தொட்டியில் போட்டேன். மறுவாரம் இதைச் சொன்னபோது சுனில் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலிலிருந்து எண்ணுங்கள் அண்ணே என்று மட்டும் சொன்னான்.

முதலிலிருந்து எண்ணினேன். அதில் மூன்றாவது வாரத்தில்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். உன் பெரியப்பா பொறுக்கச் சொன்னார், சபைப் போதகர் பொறுக்கச் சொன்னார், ஒரு குழந்தை வந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். தொட்டிக்காரனும் பொறுக்கச் சொல்கிறான். எனக்குப் பெரிய ஞானம் வந்ததுபோல் இருந்தது. புதுத் தொட்டி பழக ஆறு வாரம் ஆகும் என்றால் புது வீடு பழக ஒரு வருஷம் ஆகாதா, நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறு மகளே, நாளாக நாளாகத் தெளியும் என்று நல்ல மலையாளத்தில் எழுதினேன். உன் மாமியார் அதை வாசித்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள். அதற்கு நீ மலையாளத்தில் எழுதிய பதில், சரி அச்சா, பொறுத்துக்கொள்கிறேன். அதே கடிதத்தின் மடிப்பில்தான் அந்தத் தமிழ் வரி.

இதற்கெல்லாம் முன்னால் நான் செய்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டிலிருந்து வந்த லீவு முப்பது நாள். தரகர் நம் வீட்டுக்கு வந்தபோது அதில் பத்து நாள் போய்விட்டது. உன் அம்மா, "இந்த லீவு போகட்டு, அடுத்த லீவுக்குப் பாப்பம். பைய விசாரிப்பம்" என்று சொன்னாள். நான் கேட்டேனா? காட்டாக்கடைக்கு ஒரே ஒரு தடவை போய் அந்த வீட்டைப் பார்த்தேன். மொசைக் தரையில் என் முகம் தெரிந்தது. முற்றத்தில் ஒரு இலை கிடையாது. சத்தமாக ஒரு பேச்சு கிடையாது. திரும்பி வருகிற பஸ்ஸில், இப்படிச் சுத்தமான வீட்டில் நம் பிள்ளைக்கு என்ன குறை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அந்த வீட்டில் உள்ளவர்கள் யாரிடம் எப்படிப் பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எதற்குச் சிரிக்க மாட்டார்கள் என்று எதையும் கேட்கவில்லை. பெருங்கடவிளையில் நீ பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையைக் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் விடச் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினேன். தரகர் வந்த பதினேழாவது நாள் உன்னைக் காரில் ஏற்றினேன். அதற்கு மூன்றாவது நாள் அவன் விமானம் ஏறினான். அவன் எழுதுகிற கடிதமெல்லாம் அவன் அம்மாவுக்குத்தான் வருகிறது என்பதை நீ சொல்லவில்லை, உங்கள் ஊர்த் தபால்காரரைப் பஸ்ஸில் பார்த்தபோது அவர் சொல்லித்தான் தெரியும். டெலிபோன் பூத்திலிருந்து நான் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், சாப்பிட்டாச்சு என்று சொல் என்கிறது. அதன்பிறகு நீ சொல்கிறாய்.

இன்னொன்றும் உண்டு. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் உனக்குப் பரீட்சை நடந்த அன்று காலையில் நம் ஊர் வழியாகப் போன பஸ்ஸில் நான்தான் கண்டக்டர். வண்டி நாலு நிமிஷம் தாமதம். நீ பையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் ஓடி வந்தாய். நான் பார்த்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கண்டக்டர் தன் மகளுக்காக வண்டியை நிறுத்தி வைத்தான் என்று நாலு பேர் சொல்லக்கூடாது என்று இரண்டு மணி அடித்தேன். வண்டி போய்விட்டது. நீ மூன்று மைல் நடந்து பரீட்சைக்குப் போனாய். சாயங்காலம் நான் வந்ததும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "பஸ் இத்திரி முந்திட்டு அப்பா" என்றாய். நான் உன்னைப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். நீ பென்சிலில் கேட்ட வரியைப் படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆமாம் மக்கா, விட்டாச்சு, வந்து பார் என்று எழுதாவிட்டால் செத்துவிடுவேன்போல் இருந்தது. சுனில் சொன்ன கணக்கில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி. டாக்டர் வீட்டில் பார்த்த அதே ஆரஞ்சு மீனில் நாலு வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வேறு ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு என்று பொய் சொல்லி வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். முதல் நாள் நன்றாக நீந்தின. உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நேற்றுக் காலையில் பார்க்கிறேன், நாலும் மேலே வந்து, தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் வாயை வைத்துக்கொண்டு, திறந்து மூடி, திறந்து மூடி நிற்கின்றன. செவுள் சிவந்திருக்கிறது. விரலை வைத்தால் ஒன்றும் வரவில்லை. வேட்டியைக்கூட மாற்றாமல் நெய்யாற்றின்கரைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி, தம்பி, எத்தனை நாள் பொறுத்தால் இது பழகிச் சரியாகும் என்று அவனிடம் கேட்டேன்.

அந்தப் பையன் இதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. நேற்று உயர்த்தினான். "அண்ணே, நான் பொறுக்கச் சொன்னது மீன் விடுறதுக்கு முன்னால ஆக்கும். உள்ள விட்ட பெறவு என்னத்துக்குப் பொறுக்கணும்? அது சாவுறது வரைக்குமா? போய் எடுத்துட்டு வாருங்க."

அவன் மீனைப் பற்றித்தான் சொன்னான். அவனுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் உனக்கு எழுதிய கடிதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் என் முகத்தில் திரும்பி வந்து விழுந்தது. பொறுக்க வேண்டிய நேரத்தில் மணி அடித்தவன் நான். மூச்சு முட்டுகிறவளைப் பார்த்துப் பொறு என்று எழுதியவனும் நான். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன் மக்கா. என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கண் வலியா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, உன் அம்மா சோறு வடிக்கிற தட்டால் மீனை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அடுத்த பஸ்ஸில் கடைக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே ஒன்று செத்தது. மூன்றைச் சுனில் தன் பழைய தொட்டியில் விட்டான். கலங்கிய, பாசி பிடித்த, பார்க்கவே பிடிக்காத தண்ணீர். சாயங்காலத்துக்குள் செவுள் அடங்கி, அடியில் இறங்கி நீந்தின. அதைப் பார்த்தபிறகுதான் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம், சனிக்கிழமை போகிறேன் என்றேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று நான்தான் இழுத்தேன். "சொல்லட்டும். பிள்ளைய கொண்டு வாருங்க" என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வாறேன். சண்டை போட மாட்டேன். உள்ளே வந்து, என் மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்வேன். என்னுடைய பயம் அவர்களைப் பற்றி அல்ல. அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பழக்கதோஷத்தில் நீயே "இல்லப்பா, இங்க சுகம்தான்" என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயம். சொல்லாதே மக்கா. பொறுத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் இனி ஒருதரமும் சொல்லாதே. நான் எழுதியதற்காக நீ பொறுத்த ஒவ்வொரு நாளுக்கும் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, வீட்டுக்கு வந்து திட்டு. பெட்டி கட்ட வேண்டாம். உன் டீச்சர் சர்டிபிகேட் இங்கேதான் இருக்கிறது, அது போதும். உடுத்த சேலையோடு இறங்கு. அந்த நேரத்தில் கால் எழும்பவில்லை என்றால் பரவாயில்லை. நான் வெளியே வந்து, உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். எத்தனை வண்டி வந்தாலும் ஏற மாட்டேன். அன்று முழுக்க நிற்பேன், ஞாயிறும் நிற்பேன். நீ ஓடி வர வேண்டாம், நடந்தே வா.

தொட்டியில் மீன் இல்லை. வெறும் தண்ணீர்தான் குமிழி விட்டு ஓடுகிறது. அது எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓடட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. உன் அம்மா இப்போதே உன் கட்டிலை வெயிலில் போட்டுவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் நீ வந்து சேரும்போது சோறு வடித்து வைத்திருப்பாள். பானை பழைய இடத்தில்தான் இருக்கும். யாரிடமும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடு.

அப்பா